மூன்றாவது கம்பி எங்கே போனது?

பவர் பேங்க் வாங்க வருபவர் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஆயிரம் எம்ஏஎச்?" அடுத்த கேள்வி, "கடைசியா எவ்வளவுக்குத் தருவீங்க?" அத்தோடு பேச்சு முடிந்துவிடும். மைசூரு சிவராம்பேட்டையிலும் இதே கதைதான், ஊருக்குப் போகும்போது காட்பாடிக் கடைத்தெருவிலும் இதே கதைதான். "சூடானா இது தானா நின்னுடுமா?" என்று ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டாலும் கடைக்காரருக்குப் பதில் தெரியாது. அந்தப் பதில் அட்டைப்பெட்டியின் மேல் அச்சடிக்கப்படுவதில்லை.

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தில் மின்னணுக் கருவிகளுக்கு சர்க்யூட் வடிவமைப்பது என் வேலை. அவசர விளக்கு, கையில் எடுத்துச் செல்லும் அளவீட்டுக் கருவி, தோட்டத்து ஈரமானி என்று எங்கள் மேசையிலிருந்து வெளியே போகும் எல்லாவற்றுக்குள்ளும் லித்தியம் பேட்டரிதான் இருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். லித்தியம் பேட்டரியை நினைத்து நாம் நடுங்க வேண்டியதில்லை. அதைக் காவல் இல்லாமல் விற்பவர்களைப் பார்த்துத்தான் கோபப்பட வேண்டும்.

ஒழுங்காகச் செய்த பேட்டரியில் மூன்று கம்பிகள் இருக்கும். சிவப்பும் கறுப்பும் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றாவது கம்பி மெல்லியது, பெரும்பாலும் வெள்ளை அல்லது மஞ்சள். அதன் நுனியில் கடுகை விடச் சற்றே பெரிய ஒரு மணி இருக்கும். அதற்குத் தெர்மிஸ்டர் என்று பெயர். செல்லின் வயிற்றோடு ஒட்டி, மேலே மஞ்சள் டேப் சுற்றியிருப்பார்கள். 25 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை வழக்கமாக 10 கிலோ ஓம். சூடு ஏற ஏற அது குறையும். சார்ஜ் செய்யும் சில்லு அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும். செல்லின் சூடு 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்யும். அந்த மணியின் விலை சில ரூபாய்தான்.

விலையைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் வெட்டப்படுவது இந்தக் கம்பிதான். ஏனென்றால் அது இல்லாவிட்டாலும் கருவி வேலை செய்யும். விளக்கு எரியும், ஸ்பீக்கர் பாடும். வாங்குபவருக்கு வித்தியாசமே தெரியாது. சில சார்ஜிங் சில்லுகள் அந்த முனை வெறுமையாக இருந்தால் சார்ஜ் செய்ய மறுக்கும். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: அந்த இடத்தில் ஒரு சாதாரண 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு செல் 70 டிகிரியில் கொதித்தாலும் சில்லுக்கு எப்போதும் 25 டிகிரிதான். குக்கரின் சேஃப்டி வால்வை மெழுகு வைத்து அடைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. டிபி4056 என்று ஒரு சார்ஜிங் சில்லு உண்டு. அதை வைத்த கட்டைவிரல் அகல போர்டு எல்லா உதிரிபாகக் கடைகளிலும் கிடைக்கும், கல்லூரி மாணவர்கள் புராஜெக்டுக்கு வாங்குவதும் அதைத்தான். சில்லில் வெப்பம் பார்ப்பதற்கென்றே ஒரு கால் இருக்கிறது. பரவலாகக் கிடைக்கும் போர்டில் அந்தக் காலை கிரவுண்டோடு இணைத்து, அந்த வேலையையே முடக்கி வைத்திருக்கிறார்கள்.

போன வருடம் ஒரு மொத்த வியாபாரி எங்களிடம் அவசர விளக்குக்கு ஆர்டர் கொண்டுவந்தார். "மேடம், மைசூர்ல என்ன பெரிய வெயில்? அந்த சென்சாரை எடுத்துடுங்க. பீஸுக்குக் கொஞ்சம் மிச்சமாகும்" என்றார். விளக்கு மைசூரில் மட்டுமா எரியப்போகிறது? வேலூரில் மே மாதம் வெயில் 40 டிகிரிக்கு மேல் அடிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சுவரில் மாட்டி, இரவும் பகலும் சார்ஜில் கிடக்கப்போகிற பொருள் அது. அவரிடம் இதைச் சொன்னேன். ஆர்டர் வேறு இடத்துக்குப் போனது. அந்த விளக்கு இன்று ஏதோ ஒரு வீட்டின் சுவரில் இருக்கும்.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். செல்லுக்குள் நேர்மின் தகடும் எதிர்மின் தகடும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு இருக்கிறது. அதன் தடிமன் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. இரண்டையும் நனைத்திருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடிய கரைப்பான். நூறு டிகிரியை நெருங்கும்போதே உள்ளே வேதிவினைகள் தாமாகச் சூட்டைக் கிளப்பத் தொடங்கும். 130 டிகிரி வாக்கில் சவ்வு உருகும். தகடுகள் தொட்டுக்கொண்டால் ஷார்ட் ஆகி இன்னும் சூடு ஏறும். அதன் பிறகு வெளியிலிருந்து மின்சாரத்தை நிறுத்தினாலும் பயனில்லை. பக்கத்துச் செல்லும் பற்றிக்கொள்ளும். ஆகவே காவல் என்பது அந்தக் கட்டத்துக்கு வெகு முன்னாலேயே, 45 டிகிரியிலேயே, கதவைச் சாத்த வேண்டும்.

2022 மார்ச் கடைசியில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில், இரவில் சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். நான் பிறந்து வளர்ந்தது பாலாற்றுக்கு மறுபக்கம், காட்பாடியில். அந்தச் செய்தி வந்த காலை அம்மா போனில் கேட்டது, "நீ செய்யற சாமானும் இப்படித்தான் வெடிக்குமா?" அந்தக் கேள்விக்கு நான் ஒவ்வொரு நாளும் வேலையில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்த ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் கீழே மின் ஸ்கூட்டர் ஷோரூம், மேலே தங்கும் விடுதி என்றிருந்த கட்டடத்தில் தீப்பிடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். 2024 நவம்பரில் பெங்களூரு ராஜாஜிநகரில் மின் ஸ்கூட்டர் ஷோரூம் எரிந்து, அங்கே வேலை பார்த்த 20 வயதுப் பெண் உள்ளேயே மாண்டுபோனார். மூன்று இடங்களிலும் காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் தீயைவிடப் புகை வேகமாக ஆளைச் சூழ்ந்துகொள்ளும் என்பதையும், வெளியேறும் வழி அடைபட்டால் தப்ப முடியாது என்பதையும் இவை காட்டுகின்றன.

ஆகவே அம்மாவுக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். நம் ஊர் வரிசை வீடுகளில் வண்டிக்கு இருக்கும் இடம் வாசல்நடைதான், இல்லாவிட்டால் மாடிப்படிக்கு அடியில். அங்கே சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் நீங்கள் வெளியே ஓட வேண்டிய வழி அதுதான். பேட்டரியைக் கழற்ற முடிகிற வண்டியாக இருந்தால், படுக்கையறைக்கும் வாசலுக்கும் தள்ளி, சிமென்ட் தரையில், கண்பார்வையில் வைத்து, பகலில் சார்ஜ் செய்யுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்துவிட்டு நான்காம் நாள் தூங்கும்போது போடுவது பழகிப்போகும். அந்தப் பழக்கத்தை மட்டும் வீட்டில் யாராவது ஒருவர் கண்டித்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா.

வேலூருக்குப் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹைதராபாத் ஏஆர்சிஐ ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் டாடா நரசிங்க ராவ் தலைமையில் நிபுணர் குழு அமைத்தார்கள். அதன் பரிந்துரையில் ஏஐஎஸ்-156 என்ற விதியைத் திருத்தி, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு செல் பற்றினால் அது பேட்டரி முழுவதற்கும் பரவுகிறதா என்று சோதிக்க வேண்டும், உள்ளே சூடு ஏறினால் ஓட்டுபவருக்கு ஒலியும் ஒளியும் கொடுத்து எச்சரிக்க வேண்டும், எந்தச் செல் எங்கே எப்போது தயாரானது என்று தடம் பிடிக்க முடிய வேண்டும் என்றெல்லாம் அந்த விதி சொல்கிறது. நல்ல விதி. ஆனால் அது வண்டிக்கு.

வீட்டுக்குள் இருக்கும் சிறு சாமான்களுக்கு வேறு ஏற்பாடு. கைபேசி, பவர் பேங்க், இவற்றுக்கான பேட்டரி எல்லாம் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் கட்டாயப் பதிவின் கீழ் வருகின்றன. பேட்டரிக்கான தரநிலை ஐஎஸ் 16046. அதில் செல்லை அடுப்பில் வைத்து 130 டிகிரி வரை சூடாக்கிப் பார்ப்பார்கள், நசுக்கிப் பார்ப்பார்கள், ஷார்ட் செய்து பார்ப்பார்கள், ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பார்கள். தேறினால் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் கிடைக்கும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று காட்டும். கடையிலேயே நின்று அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில். ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரியில் மூன்றாவது கம்பி இருக்கும். சந்தைக்கு வரும் பெட்டியிலும் இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? கடையிலிருந்து அலுவலர்களே விலை கொடுத்து வாங்கி, பிரித்துப் பார்த்து, முடிவைப் பத்திரிகையில் பெயரோடு வெளியிட வேண்டும். பால், எண்ணெய், மிளகாய்த்தூளுக்கு மாதிரி எடுப்பதுபோல இதற்கும் மாவட்டம்தோறும் எடுக்க வேண்டும். அதற்குப் பெரிய ஆய்வகம்கூட முதலில் தேவைப்படாது. ஒரு ஸ்குரூ டிரைவரும் தராசும் போதும்.

தராசு எதற்கு என்றால், உருளை வடிவில் 18650 என்றொரு செல் இருக்கிறது. விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65. டார்ச்சிலும் பவர் பேங்கிலும் பழைய லேப்டாப்பிலும் இருப்பது இதுதான். நல்ல செல் 45 கிராமைச் சுற்றி இருக்கும். கொள்ளளவு 3,500 எம்ஏஎச் என்றாலே உயர்ந்த வகை. சந்தையிலோ அதே அளவுச் செல் மேல் 9,900 என்று அச்சடித்து விற்கிறார்கள். என் மேசைத் தராசில் வைத்தால் அப்படிப்பட்ட செல் முப்பது கிராமைத் தொடவே திணறுகிறது. உள்ளே தகடே குறைவு. அளவில் இவ்வளவு துணிந்து பொய் சொல்கிறவர் சவ்வின் தரத்தில் மட்டும் நேர்மையாக இருப்பார் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

பெயருள்ள நிறுவனங்களும் சறுக்கியிருக்கின்றன. ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. 2007 ஆகஸ்டில் நோக்கியா பிஎல்-5சி பேட்டரியில் கோளாறு என்று செய்தி வந்தது நினைவிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆளாளுக்கு போனின் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியில் பொடி எழுத்தில் இருந்த 26 இலக்க எண்ணைக் கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். உலகம் முழுவதும் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் அந்த அறிவிப்பில் வந்தன. எந்த ஆலையில் எந்த மாதம் செய்தவை என்று சொல்ல முடிந்ததால்தான் மாற்றிக்கொடுக்க முடிந்தது. 2016இல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தபோதும் கைபேசிகளைத் திரும்பப் பெற்றார்கள், மறு ஜனவரியில் காரணத்தை வெளியே சொன்னார்கள்: ஒரு வகைப் பேட்டரியில் தகட்டின் மூலை மடங்கியிருந்தது, இன்னொரு வகையில் வெல்டிங் பிசிறு. எண்ணும் பெயரும் இல்லாத செல் தீப்பிடித்தால் யாரிடம் போய்க் கேட்பது?

பழுதுபார்க்கும் கடைக்காரர்மேல் பழியைப் போடுவது எளிது. அதை நான் ஏற்க மாட்டேன். சிவராம்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறார், காந்திநகரில் வளர்ந்த தமிழ்ப் பையன். ஒருநாள் அவர் கடையில் ஊதிப்போன கைபேசி ஒன்று வந்திருந்தது. திரை ஒரு பக்கம் தூக்கி, இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அவர் பின்மூடியைச் சூடு காட்டித் திறந்து, பேட்டரியின் அடியில் இரும்புத் தகட்டைச் செருகப் போனார். உள்ளே வாயு நிறைந்து உப்பியிருக்கும் பை அது. தகட்டின் முனை குத்தினால் கையிலேயே தீப்பிடிக்கும்.

"தம்பி, இரும்பு வேண்டாம்."

"பழகிடுச்சுக்கா. இதுதான் சீக்கிரம் வரும்."

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பசையின் ஓரமாக நாலு சொட்டு விடச் சொன்னேன். இரண்டு நிமிடம் காத்திருந்து பழைய பிளாஸ்டிக் அட்டையை மெதுவாக நகர்த்தினார். பேட்டரி மடங்காமல் முழுசாக வந்தது. அவருக்குத் திறமையில் குறைவில்லை. யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு அவர் சொன்னது என்னை இன்றும் உறுத்துகிறது. "கம்பெனி பேட்டரி எங்க மாதிரி கடைக்குக் கொடுக்க மாட்டேங்கறாங்கக்கா. எங்களுக்கு வர்றது இந்த டூப்ளிகேட்தான். நான் வேற எங்க போய் வாங்கறது?"

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது. அந்த உரிமை இந்தத் தம்பியின் கடைவரை வர வேண்டும். அசல் பேட்டரியை நியாய விலையில் எந்தக் கடைக்காரரும் வாங்க முடிகிற நிலை வேண்டும். ஐடிஐயில் மாலைநேரப் பயிற்சி வேண்டும். அதில் முதல் பாடமாக 'பூஸ்டர்' கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து அடியோடு இறங்கிப்போன செல்லுக்கு அதை வைத்து உயிர் கொடுக்கிறார்கள். அப்படி இறங்கிய செல்லில் எதிர்மின் பக்கத்துச் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகலாம். 2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்த செல்லை எழுப்பக் கூடாது. வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் கூடாது.

வடிவமைப்பாளர்களான எங்களுக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. சுவரில் மாட்டும் விளக்கு, சோலார் விளக்கு, வீட்டு யுபிஎஸ் இவையெல்லாம் எடை குறைவாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அவற்றில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைச் செல்லைப் போடலாம். இடம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும். ஆனால் சூட்டை அதிகம் தாங்கும், உள்ளிருந்து ஆக்ஸிஜனை எளிதில் விடாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அதன் உச்ச மின்னழுத்தம் 3.65 வோல்ட். மற்ற வகைக்கான 4.2 வோல்ட் சார்ஜரை அதில் இணைக்கவே கூடாது. இரண்டுக்கும் பிளக் ஒரே மாதிரி இருப்பது எங்கள் துறை சரிசெய்ய வேண்டிய கோளாறு.

தீப்பிடித்துவிட்டால்? "லித்தியம் தீயில் தண்ணீர் பட்டால் வெடிக்கும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வீட்டில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரிக்கு அது பொருந்தாது. 2016 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், மேலே சாமான் வைக்கும் இடத்திலிருந்து புகை வந்தது. பையில் இருந்த ஒரு பழைய சாம்சங் கைபேசிதான் காரணம். பணியாளர்கள் தீயணைப்பானை அடித்துவிட்டு, போனை எடுத்துக் கழிப்பறையில் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்துக்குள் போட்டார்கள். விமானம் பத்திரமாக இறங்கியது. பயிற்சி பெற்றவர்கள் என்பதால் கையில் எடுத்தார்கள். நாம் எடுக்க வேண்டாம். முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தூர நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். தீயணைப்பான் பவுடரை அடித்தால் சுவாலை அடங்கும், சூடு அடங்காது, மறுபடி பற்றிக்கொள்ளும். ஸ்கூட்டர் அளவுப் பேட்டரி என்றால் அதையும் செய்யாமல் எல்லோரையும் வெளியே கூட்டிவந்து 112ஐ அழையுங்கள். அந்தப் புகையில் நச்சு வாயுக்கள் இருக்கின்றன.

கடைசியாகக் குப்பை. பக்கத்து மண்டியா மாவட்டம் மார்லகல்லாவில் 14,100 டன் லித்தியம் இருக்கிறது என்று 2020இல் செய்தி வந்தபோது இங்கே பெரிய கொண்டாட்டம். பிறகு அணு கனிம இயக்ககத்தின் கணக்கு 1,600 டன் என்று இறங்கியது. மண்ணுக்குள் இருப்பதற்கு இவ்வளவு ஆவல். வீட்டு மேசை இழுப்பறைகளில் கிடக்கும் லித்தியத்தை மட்டும் உலர்குப்பையோடு சேர்த்து அனுப்பிவிடுகிறோம். குப்பை வண்டியில் அது நசுங்கும். நசுங்கினால் உள்ளே தகடுகள் தொட்டுக்கொள்ளும்; அதன் பிறகு என்ன ஆகும் என்பதை மேலேயே சொல்லிவிட்டேன். முதலில் காயம்படப்போவது குப்பை பிரிக்கும் தொழிலாளியின் கை.

2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீதும், தனியாகப் பிரித்துக் கொடுக்கும் கடமையை நம்மீதும் வைத்திருக்கின்றன. கொடுக்க இடம் எங்கே? 2016இல் நாட்டின் தூய்மையான நகரம் என்று பெயரெடுத்த மைசூரு, வார்டுக்கு ஒரு பேட்டரி டப்பா வைக்க முடியாத ஊர் அல்ல. மூடியுள்ள உலோக டப்பா, பாதி வரை காய்ந்த மணல், உற்பத்தியாளர் செலவில் மாதம் ஒருமுறை எடுத்துப்போக ஒரு வண்டி. மாநகராட்சி அலுவலகத்துக்கு இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் இருக்கும் ஊரிலும் எழுதிக் கொடுங்கள். டப்பா வரும்வரை, பழைய பேட்டரியின் இரண்டு முனைகளிலும் செலோ டேப் ஒட்டி, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக வையுங்கள். ஊதியது இருந்தால் அதை வீட்டுக்குள் வைக்காமல், மணல் போட்ட மண்சட்டியில் மொட்டை மாடி நிழலில் வையுங்கள்.